விடியற்காலை உலகக் கோப்பை: சாந்தன்பாறையிலிருந்து பார்ப்பவருக்கு

இந்த முறை உலகக் கோப்பைக் கால்பந்து நம் தூக்கத்தில் கைவைக்கிறது. 2022-இல் கத்தார் நமக்கு ரொம்ப வசதியாக இருந்தது. மாலை மூன்றரைக்கு ஓர் ஆட்டம், ஆறரைக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று. கண் விழிக்கத் தயாராக இருந்தவர்களுக்கு மட்டும் பன்னிரண்டரைக்கு இன்னொன்று. இறுதி ஆட்டம்கூட இரவு எட்டரைக்கே தொடங்கிவிட்டது. 2026-இல் போட்டியை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. அங்கே மத்தியானம் என்றால் இங்கே நடுச்சாமம். ஜூன் 11-ஆம் தேதி மெக்சிகோ நகரத்தின் அஸ்டெகா அரங்கில் மெக்சிகோவும் தென்னாப்பிரிக்காவும் மோதும் தொடக்க ஆட்டம், நம் கணக்கில் 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, பின்னிரவு 12.30. ஜூலை 19-ஆம் தேதி நியூஜெர்சியில் நடக்கும் இறுதி ஆட்டம், நமக்கு 20-ஆம் தேதி திங்கட்கிழமை, அதே 12.30.

சாந்தன்பாறை, பூப்பாறை, சின்னக்கானல், உடும்பன்சோலைப் பக்கம் இருந்துகொண்டு இந்தப் போட்டியை முழுதாகப் பார்த்து ரசிக்க நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். தன் அணி தோற்றதும் டிவியை அணைத்துவிடுகிறவர்களை மனதில் வைத்திருக்கிறேன். இங்கே அப்படிப்பட்டவர்கள் நிறைய. அர்ஜென்டினா வெளியேறினால் பாதி ஊர் தூங்கப் போய்விடும். பிரேசில் வெளியேறினால் மீதிப் பாதி. அதற்குப் பிறகு நடக்கும் அருமையான ஆட்டங்களைப் பார்க்க ஆளிருக்காது. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. அணி ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்ல தொடக்கம். ஆனால் எந்த நேரத்தில், எந்த மைதானத்தில், யாருடைய தலையெழுத்து தீர்மானமாகிறது என்று தெரிந்து பார்ப்பவருக்கு 39 நாளும் திருவிழா.

இந்த இரண்டு அணிகளும் இந்த மலைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கால்பந்து இங்கே டிவிக்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது. மூணாறு தேயிலைத் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்த ஆட்டம். எஸ்டேட் அணிகள் தமக்குள் மோதும் ஃபின்லே ஷீல்டு போட்டி சுதந்திரத்துக்கு முன்பே தொடங்கியது; கம்பெனி கைமாறிய பிறகும் நிற்கவில்லை. லயத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மைதானம் என்றால் கால்பந்து மைதானம்தான்.

உலகக் கோப்பை என்ற ஒன்றைக் கேரளம் பெருவாரியாகக் கண்ணால் பார்த்தது 1986-இல், தூர்தர்ஷன் மெக்சிகோ ஆட்டங்களைக் காட்டியபோது. ஜூன் 22-ஆம் தேதி கால் இறுதியில் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். 51-ஆவது நிமிடத்தில் கையால் தட்டிவிட்ட கோல். 55-ஆவது நிமிடத்தில், தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வரிசையாக ஆட்களைக் கடந்து போட்ட கோல். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் ஃபாக்லாந்துப் போரில் இங்கிலாந்திடம் அர்ஜென்டினா தோற்றிருந்தது. துரைமார்களின் ஆட்டத்தில் துரைமார்களை ஒரு குள்ளமான மனிதர் தனியாளாகக் கவிழ்த்ததைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு வேறு அணிக்குப் போகவில்லை. அவர்களின் பிள்ளைகளும் போகவில்லை. 2012 அக்டோபரில் மரடோனா கண்ணூருக்கு வந்தபோது கூடிய கூட்டம் அந்த 1986-இன் கூட்டம்தான்.

பிரேசில் பாசம் அதைவிட மூத்தது. பெலேயின் பெயர் டிவி வருவதற்கு முன்பே பத்திரிகை வழியாக இங்கே ஊறியிருந்தது. பெலேயின் பிரேசில் 1970 இறுதி ஆட்டத்தில் இத்தாலியை 4-1 என்று வீழ்த்தியதும் அஸ்டெகா அரங்கில்தான்; மரடோனாவின் அந்த இரண்டு கோல்கள் விழுந்ததும் அங்கேதான். மூன்று உலகக் கோப்பைகளைப் பார்த்த முதல் அரங்கம் என்ற பெயர் இந்த ஜூனில் அதற்குக் கிடைக்கிறது. ஆகவே தொடக்க ஆட்டத்தில் மெக்சிகோவும் தென்னாப்பிரிக்காவும் ஆடினால் நமக்கென்ன என்று படுத்துவிடாதீர்கள். நம் ஊர்ச் சண்டை முளைத்த மண் அது.

அந்தச் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2022-இல் உலகமே பார்த்தது. கோழிக்கோடு மாவட்டம் புள்ளாவூரில் ஆற்றுக்குள் 30 அடிக் கட்-அவுட்டாக மெஸ்ஸி எழுந்தார். அதைப் பார்த்து 40 அடியில் நெய்மார். பிறகு 50 அடியில் ரொனால்டோ. ஃபிஃபாவே அந்தப் படத்தைப் பகிர்ந்தது. கொச்சி அருகே முண்டக்காமுகளில் 17 பேர் சேர்ந்து, கூடி உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதற்கென்றே 23 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை வாங்கினார்கள். நம் சாந்தன்பாறைக்கு அந்த ஆண்டு இரட்டைக் கொண்டாட்டம்: அக்டோபரில் கள்ளிப்பாறையில் நீலக்குறிஞ்சி பூத்து மலையெல்லாம் வண்டியும் கூட்டமும், அந்தக் கூட்டம் கலைந்த அடுத்த மாதமே கத்தார்.

சரி, போட்டிக்கு வருவோம். இந்த முறை அமைப்பே மாறியிருக்கிறது. 32 அணிகள் இருந்த இடத்தில் 48. நான்கு அணிகள் கொண்ட 12 பிரிவுகள். மொத்தம் 104 ஆட்டங்கள், கத்தாரில் 64. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேராக அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அதோடு, மூன்றாம் இடத்தில் நிற்கும் 12 அணிகளில் சிறந்த எட்டும் போகும். ஆக 32 அணிகளுடன் ஜூன் 28-இல் நாக் அவுட் தொடங்கும். கோப்பை வெல்கிற அணி முன்பு ஏழு ஆட்டம் ஆடியது, இனி எட்டு ஆடவேண்டும்.

மூன்றாம் இடத்தவருக்கும் வழி இருக்கிறது என்ற இந்த ஒரு விஷயம் முதல் சுற்றைப் பார்க்கும் விதத்தையே மாற்றிவிடும். முதல் ஆட்டத்தில் தோற்ற அணி பெரும்பாலும் இன்னும் உயிரோடுதான் இருக்கும். மூன்றாம் இடத்தவர்களை வரிசைப்படுத்தும்போது முதலில் புள்ளி. சமமாக இருந்தால் கோல் வித்தியாசம். அதுவும் சமமென்றால் போட்ட கோல்கள். அதனால் மூன்று கோல் வாங்கித் தோற்பதற்கும் ஒரு கோல் வாங்கித் தோற்பதற்கும் நடுவே ஓர் அணியின் வாழ்வே இருக்கக்கூடும். 3-0 ஆகிவிட்டது, இனி என்ன பார்க்க என்று எழுந்துவிடாதீர்கள். தோற்கிற அணி கடைசிப் பத்து நிமிடம் ஒரு கோலுக்காக ஏன் உயிரைக் கொடுத்து ஓடுகிறது என்பது இந்தக் கணக்கு தெரிந்தவருக்குப் புரியும்.

மஞ்சள் அட்டைகூட இந்தக் கணக்கில் வரும். 2018-இல் ரஷ்யாவில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், போட்ட கோல், தமக்குள் ஆடிய ஆட்டம் என எல்லாவற்றிலும் சமமாக நின்றன. ஜப்பான் வாங்கியது நான்கு மஞ்சள் அட்டை, செனகல் ஆறு. ஜப்பான் போனது, செனகல் வீட்டுக்குப் போனது. போலந்திடம் 1-0 என்று தோற்றுக்கொண்டிருந்த ஜப்பான், இன்னொரு மைதானத்தில் செனகலும் தோற்றுக்கொண்டிருப்பது தெரிந்து, கடைசி நிமிடங்களில் கோல் போட முயலாமல் தங்களுக்குள்ளேயே பந்தை உருட்டிக்கொண்டிருந்தது. அரங்கமே கூச்சலிட்டது. அதை வெறும் சோம்பேறி ஆட்டமாகப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கணக்குத் தெரிந்தவர்களுக்கு நெஞ்சு படபடத்த பத்து நிமிடம் அது.

பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடப்பதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1982-இல் ஸ்பெயினில், முதல் முறையாக உலகக் கோப்பைக்கு வந்த அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என்று சாய்த்தது. பிரிவில் தன் ஆட்டங்களை முடித்துக்கொண்டு காத்திருந்தது. மறுநாள், ஜூன் 25, கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடின. ஜெர்மனி ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ ஜெயித்தால் இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. அதன் பிறகு மிச்சமிருந்த 80 நிமிடமும் இரண்டு அணிகளும் பந்தை அங்குமிங்கும் தள்ளிப் பொழுதைக் கழித்தன. அந்த அநியாயத்துக்குப் பிறகுதான் 1986 முதல் கடைசிச் சுற்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கிறார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. 2026-இல் அர்ஜென்டினா இருக்கும் ஜெ பிரிவில் அல்ஜீரியாவும் இருக்கிறது, ஆஸ்திரியாவும் இருக்கிறது, ஜோர்டானும் இருக்கிறது. கடைசி நாளில் ஒருபக்கம் ஜோர்டானும் அர்ஜென்டினாவும், இன்னொருபக்கம் அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும். நமக்கு அது ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை. தோட்டம் லீவு. ஊரே அர்ஜென்டினா ஆட்டத்தைத்தான் பெரிய திரையில் போடும், போடட்டும். ஆனால் கையிலிருக்கும் போனில் அந்த இன்னொரு ஆட்டத்தையும் திறந்து வையுங்கள். 44 ஆண்டு கழித்து அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் ஒரே பிரிவில் கடைசி நாளில் நிற்கின்றன. இதைவிட நல்ல கதையை யாரும் எழுதித்தர முடியாது.

இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பதன் ருசி 2022 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு தெரிந்தது. ஜப்பான் - ஸ்பெயின், ஜெர்மனி - கோஸ்டாரிகா ஒரே நேரம். ஜப்பானின் இரண்டாவது கோலுக்கு முன் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது போலத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. வீடியோவில் பார்த்தால், பந்தின் வளைவு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கோட்டின் மேல் நின்றிருக்கிறது. கோல் செல்லும் என்றார்கள். அங்கே கோஸ்டாரிகா ஜெர்மனியை முந்தியபோது, சுமார் மூன்று நிமிடம் ஸ்பெயின், ஜெர்மனி இரண்டு ஜாம்பவான்களுமே வெளியேறும் நிலை. கடைசியில் ஜெர்மனி தன் ஆட்டத்தில் 4-2 என்று ஜெயித்தும் ஊருக்குத் திரும்பியது. ஒரு திரையை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று நிமிடம் கிடைக்கவே இல்லை.

சின்ன அணிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். நம் இடுக்கி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 11 லட்சம் சொச்சம். கேரளத்திலேயே மக்கள் அடர்த்தி குறைந்த மாவட்டம். இந்த உலகக் கோப்பைக்கு முதன்முறையாக வரும் கேப் வெர்டியில் மக்கள் சுமார் ஐந்து லட்சம்தான். குராசோவில் சுமார் ஒன்றரை லட்சம். இதுவரை தகுதி பெற்ற நாடுகளிலேயே மிகச் சிறியது. இரண்டையும் கூட்டினாலும் இடுக்கி அளவுக்கு வராது. ஜோர்டானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும்கூட இதுதான் முதல் முறை. குராசோவின் முதல் ஆட்டம் ஜெர்மனியோடு, நமக்கு ஜூன் 14 ஞாயிறு இரவு பத்தரை. கேப் வெர்டியின் முதல் ஆட்டம் ஸ்பெயினோடு, மறுநாள் இரவு ஒன்பதரை. இரண்டும் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய நேரம். தோற்பார்களா, எத்தனை கோலில் தோற்பார்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். ஒரு வட்டாரத்து மக்கள் மொத்தமும் தங்கள் பதினொரு பேரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரவு அது. தேசிய கீதம் பாடும்போது அந்த ஆட்டக்காரர்களின் முகங்களைப் பாருங்கள்.

நமக்கு வலிக்கும் இடமும் இதுதான். இந்தியா 1950-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது, ஆனால் போகவில்லை. வெறுங்காலோடு ஆடத் தடை போட்டதால்தான் போகவில்லை என்ற கதை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீண்ட கப்பல் பயணமும், அந்தக் காலத்தில் நம் கால்பந்து அமைப்பு ஒலிம்பிக்கைத்தான் பெரிதாக நினைத்ததும் அதைவிட முக்கியமான காரணங்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் தங்கம். அந்த 1962 அணியில் திருச்சூர்ப் பக்கத்து இரிஞ்ஞாலக்குடாக்காரர் சந்திரசேகரன் இருந்தார். இவ்வளவு இருந்தும் உலகக் கோப்பை மைதானத்தில் நம் கொடி இதுவரை ஏறவில்லை. 48 அணிகளுக்கு இடம் கொடுத்தும் ஏறவில்லை. அதற்காக ஆட்டத்தை வெறுக்க முடியுமா? சந்தோஷ் டிராபியைக் கேரளம் ஏழு முறை வென்றிருக்கிறது. 2022-இல் மஞ்சேரியில் ஏழாவது முறை வங்காளத்தைப் பெனால்ட்டியில் வீழ்த்தியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆட்டத்தின் மீது காதல் குறையாத மக்கள் நாம்.

ஆட்டத்துக்குள் எதைப் பார்ப்பது? புதிதாகப் பார்ப்பவரைக் குழப்புவது ஆஃப்சைடுதான். சுருக்கமாக: பந்து உங்களுக்கு அடிக்கப்படும் அந்த நொடியில், எதிரணியின் பாதியில், பந்தைவிடவும் முன்னால், எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைவிடவும் முன்னால் நீங்கள் நின்றால் ஆஃப்சைடு. வழக்கமாகக் கடைசி ஆள் கோலி. ஆகவே கடைசி டிஃபண்டரைப் பார்த்தால் போதும். கை கணக்கில் சேராது. தலை, உடம்பு, கால் சேரும். பந்து வந்து சேரும்போது எங்கே நிற்கிறீர்கள் என்பது முக்கியமே இல்லை, பந்து புறப்படும்போது எங்கே நின்றீர்கள் என்பதுதான் கேள்வி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

இதை ஆயுதமாகவே பயன்படுத்தலாம் என்பதை 2022 நவம்பர் 22-ஆம் தேதி சவூதி அரேபியா காட்டியது. மெஸ்ஸி பத்தாவது நிமிடத்தில் பெனால்ட்டி போட்டுவிட்டார். பயந்து பின்வாங்கவேண்டிய சவூதி டிஃபண்டர்கள், நேர்மாறாக, கோடு போட்டதுபோல மைதானத்தின் நடுப்பகுதிவரை ஏறி நின்றார்கள். அர்ஜென்டினா முதல் பாதியில் இன்னும் மூன்று முறை பந்தை வலைக்குள் அனுப்பியது. மூன்றும் ஆஃப்சைடு. அதில் ஒன்றில் லௌதாரோ மார்ட்டினேஸின் தோள்தான் முந்தியிருந்தது. கத்தாரில்தான் ஓர் உலகக் கோப்பையில் முதன்முறையாக 12 கேமராக்களும் பந்துக்குள் வைத்த சென்சாரும் சேர்ந்து அதைக் கண்டுபிடித்துச் சொல்லின. இடைவேளை முடிந்து எட்டு நிமிடத்துக்குள் சவூதி இரண்டு கோல் போட்டு, 36 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த அர்ஜென்டினாவை 2-1 என்று தோற்கடித்தது. அன்றைக்கு இங்கே எத்தனை பேர் நடுவரைத் திட்டினார்கள்! ஆனால் திட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. மாறாக, உயிரைப் பணயம் வைத்து ஆடப்பட்ட ஒரு திட்டத்தின் அழகு இருந்தது. அடுத்த முறை பார்க்கும்போது, பந்தை விட்டுவிட்டு டிஃபன்ஸ் வரிசையை ஐந்து நிமிடம் மட்டும் பாருங்கள்.

பந்து இல்லாத இடத்தைப் பார்க்கப் பழகினால் நல்ல கோல் எப்படிப் பிறக்கிறது என்பதும் தெரியும். அதே கத்தாரின் இறுதி ஆட்டத்தில், 36-ஆவது நிமிடத்தில், அர்ஜென்டினாவின் இரண்டாவது கோல். மைதானத்தின் நடுவே, வலது பக்கம், மெஸ்ஸி ஒரே தொடுதலில் பந்தைப் பக்கத்திலிருந்த அல்வாரெஸுக்குத் திருப்பிவிடுகிறார். அவர் அதை முன்னால் ஓடிக்கொண்டிருந்த மக் ஆலிஸ்டருக்கு அனுப்புகிறார். இவ்வளவு நேரமும் திரையின் ஓரத்தில், இடது பக்கம், ஒருவர் தன்னந்தனியாக ஓடிவருகிறார்: டி மரியா. பிரான்ஸ் டிஃபண்டர்கள் பந்தைப் பார்த்து வலது பக்கம் இழுக்கப்பட்டுவிட்டார்கள். மக் ஆலிஸ்டர் குறுக்கே ஒரு பாஸ், டி மரியா அடித்தார், கோல். போட்டுவிட்டு அழுதார். அந்த ஆட்டத்தில் அவரை இடது பக்கம் நிறுத்தியது பயிற்சியாளர் ஸ்காலோனி எடுத்த முடிவு. பிரான்ஸ் பயிற்சியாளர் 41-ஆவது நிமிடத்திலேயே இரண்டு பேரை வெளியே அழைக்கும் நிலைக்கு அது கொண்டுவந்தது. பிறகு எம்பாப்பே 80, 81-ஆவது நிமிடங்களில் இரண்டு கோல் போட்டதும், எக்ஸ்ட்ரா டைமில் 3-3 ஆனதும், அதன் கடைசி மூச்சில் கோலோ முவானி அடித்ததை அர்ஜென்டினா கோலி மார்ட்டினேஸ் இடது காலை நீட்டித் தடுத்ததும் எல்லோருக்கும் மனப்பாடம். பெனால்ட்டியில் 4-2. அந்த ஆட்டத்தைப் பிரான்ஸ் ரசிகராகவும் ஒருமுறை மறுபடி பாருங்கள். வேறொரு ஆட்டம் தெரியும்.

நேரக் கணக்கு: பாதிக்கு 45 நிமிடம், இடைவேளை 15, வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்ப்பது. கத்தாரில் சேர்க்கும் நேரத்தைக் கறாராகக் கணக்கிடத் தொடங்கினார்கள். இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டுமே 14 நிமிடம். இந்த முறை ஒவ்வொரு பாதியின் நடுவிலும் தண்ணீர் குடிக்க மூன்று நிமிடம் ஆட்டம் நிற்கும். கட்டன் காபி போடப் போகிறவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆக ஓர் ஆட்டம் இரண்டு மணி நேரம். நாக் அவுட்டில் சமமாக நின்றால் அரை மணி நேர எக்ஸ்ட்ரா டைம், பிறகு பெனால்ட்டி. மூன்று மணி நேரத்தை எட்டும்.

இனி நம் மலைக்கென்றே உள்ள சங்கதிகள். ஜூன், ஜூலை என்றால் இங்கே மழைக்காலம். காற்றடித்தால் ஏலக்காட்டு நிழல் மரம் லைன் மேல் விழும், கரண்ட் போகும். டிஷ் வைத்திருப்பவர்களுக்குப் பெருமழையில் படம் உறைந்துபோவது டிவியின் கோளாறு இல்லை. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையை மழைத்துளிகளே விழுங்கிவிடுகின்றன. மழை குறைந்ததும் தானாக வரும். கூரை மேல் ஏறி டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருக்கவேண்டாம், அதுவும் நள்ளிரவில். கூடிப் பார்க்கிற இடத்தில் கேபிள், போன் என இரண்டு வழியும் தயாராக இருக்கட்டும். போனில் வரும் ஆட்டம் கேபிளைவிடச் சில நொடிகள் தாமதமாகவே வரும். பக்கத்து வீட்டில் கத்தல் கேட்டால் கோல் விழுந்துவிட்டது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பெனால்ட்டி நேரத்தில் அது பெரிய கொடுமை. ஒரு தெரு முழுக்க ஒரே வழியில் பார்த்தால் நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம், யானை. சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனை மயக்க ஊசி போட்டுக் கொண்டுபோனார்கள். மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. பன்னியாறு, ஆனையிறங்கல் பக்கமெல்லாம் இரவில் சாலைக்கு வருவது அவற்றுக்கு வழக்கம். பன்னிரண்டரைக்குத் தொடங்கும் ஆட்டம் இரண்டரைக்கு முடியும். ஏலக்காட்டு வழியாகப் போன் வெளிச்சத்தில் நடந்து வீடு திரும்பும் நேரம் இல்லை அது. பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்பதுகூடத் தெரியாது. நள்ளிரவு ஆட்டத்துக்கு வருபவர்கள் விடியும்வரை அங்கேயே படுத்துக்கொள்ள ஒரு பாய்க்கு இடம் செய்யுங்கள். மூன்றரை மணி ஆட்டத்தையும் பார்த்துவிட்டு வெளிச்சம் வந்த பிறகு கிளம்பலாம். ஜூன் 14 ஞாயிறு விடியற்காலை மூன்றரைக்குப் பிரேசிலும் மொராக்கோவும் ஆடும்போது இப்படிச் செய்தால் நல்ல இரவாக அமையும். கோல் விழுந்ததும் வெடி போடும் வழக்கத்தை யானை நடமாடும் பகுதிகளில் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மிரண்ட யானை எந்த லயத்துப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று எனக்கு மனதில் இருக்கிறது. இங்கே பெரிய திரைக்கு முன்னால் கூடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் அடுக்களையிலிருந்து சத்தம் கேட்டு எட்டிப்பார்த்துக் கோலைத் தெரிந்துகொள்கிறார்கள். இந்த முறை பல நல்ல ஆட்டங்கள் காலை ஆறரை, ஏழரைக்கு வருகின்றன. அர்ஜென்டினாவின் முதல் ஆட்டம், அல்ஜீரியாவோடு, ஜூன் 17 புதன்கிழமை காலை ஆறரை. வேலைக்குப் புறப்படும் நேரம்தான். போடியிலிருந்து தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் அதற்குள் ஜீப்பில் மலை ஏறிக்கொண்டிருப்பார்கள். போடிமெட்டு வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். அந்தப் பெண்கள் இறங்கும் இடத்தில் ஒரு டீக்கடை டிவியை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தாலே பத்துப் பேர் பார்ப்பார்கள். ஞாயிறு காலை ஆட்டங்களுக்குக் கிளப்புகள் வீட்டோடு வரச்சொல்லி அழைக்கலாம், முன்வரிசை நாற்காலியைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போடலாம். ஒரு நாள் அடுக்களை வேலையை ஆண்கள் எடுத்துக்கொண்டால் ஆகாததா?

தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை. 48 அணிகளில் 47 அணிகளின் ரசிகர்கள் கடைசியில் தோற்றவர்கள்தான். கேலி செய்யலாம், ஊர்வலம் விடலாம், பந்தயத்துக்குப் பாதி மீசையை எடுத்துக்கொள்ளலாம். அதெல்லாம் இந்த ஆட்டத்தின் அழகு. ஆனால் பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது வேண்டாம். போனில் வரும் சூதாட்டச் செயலிகள் கூலிப் பணத்தைக் குறிவைத்தே வருகின்றன. தோற்ற அணியின் ரசிகன் அன்றிரவு பேச்சில்லாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தால் அவனைத் தனியாக விடாதீர்கள். ஒரு தோல்வியைத் தாங்காமல் உயிரை விட்டவர்கள் கேரளத்தில் இருந்திருக்கிறார்கள். கேலியை நிறுத்திவிட்டு அவனுக்கு ஒரு காபி வாங்கிக்கொடுத்து, அடுத்த ஆட்டத்துக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

104 ஆட்டத்தையும் பார்க்க யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். தொடக்க ஆட்டம், உங்கள் அணியின் மூன்று ஆட்டங்கள், புதிதாக வந்த நான்கு நாடுகளுக்குத் தலா ஓர் ஆட்டம், பிரிவுகளின் கடைசி நாட்களில் கிடைக்கும் இரட்டை ஆட்டங்கள் இரண்டோ மூன்றோ. ஜூலை 4-க்குப் பிறகு ஆட்டங்கள் குறையும், தரம் ஏறும்; அங்கே ஒன்றையும் விடாதீர்கள். அரை இறுதிகள் இரண்டும் ஜூலை 15, 16 பின்னிரவு 12.30-க்கு. நடுவில் வரும் ஓய்வு நாட்களில் நன்றாகத் தூங்கிவிடுங்கள். காய் எடுப்பு தொடங்கும் காலம், கண்ணில் தூக்கத்தோடு சரிவில் இறங்கக் கூடாது.

இறுதி ஆட்டத்தில் இடைவேளைக்குக் கலை நிகழ்ச்சி வைத்திருக்கிறார்கள். ஆட்டம் நீண்டால் மூன்றரை மணி ஆகும். திங்கட்கிழமை வேலைக்கு வரமாட்டோம் என்று கங்காணியிடமோ முதலாளியிடமோ முந்தைய வாரமே சொல்லிவைப்பது நல்லது. யார் கண்டது, அவரும் லீவு போடும் யோசனையில்தான் இருப்பார்.